பெட்டிகளின் மேல் எழுதியிருந்தது

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவது நான்தான். இதுவரை எனக்காக எழுதித் தந்த டீக்கடைக்காரர் இல்லை. நம்பாவிட்டால் வரிகளைப் பார். மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கிப் போகின்றன. டீக்கடைக்காரர் எழுதினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். முதல் வரி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் எழுந்து நின்று கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

உன்னிடம் சொல்லாமல் ஏழு மாதமாக வகுப்புக்குப் போகிறேன். துறைமுகக் கேன்டீனில், ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை. சுங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற அம்மா சொல்லித் தருகிறார். நாங்கள் பதினொரு பேர். அறுபத்தெட்டு வயதான நான் அதில் மூத்தவன் இல்லை. என்னைவிட மூத்தவர், கப்பலைக் கரையில் கட்டுகிற கயிற்றுக்காரர் ஒருவர், இரண்டு மாதமாக ‘இ’ எழுத்திலேயே குடியிருக்கிறார்.

ஏன் படித்தேன் என்று கேட்பாய். பேத்தி சிட்டுக்காகத்தான். போனில் நீ பேசுகிறாய், நான் பேசுகிறேன். அவள் பக்கத்தில் நின்று உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ஒருமுறை சொன்னாய். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு வயதில் ஒரு காய்ச்சல் குழந்தையின் காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் ஒன்பது வயதில் அவள் பத்திரிகை படிக்கிறாள். காது கேட்கிற எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. இரண்டு பேரில் யாராவது ஒருவர் மாறித்தானே ஆகவேண்டும்?

என் மகன் உயிரோடு இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

இப்போது கண்ணில் படுகிற பலகை ஒன்றையும் விடுவதில்லை. ‘இங்கே துப்பாதீர்’ என்று இருக்கிற இடத்தில் முப்பது வருடமாகத் துப்பியிருக்கிறேன்.

தட்டச்சு அம்மா தினமும் பத்து வரி பார்த்து எழுதச் சொல்கிறார். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சிட்டு திருத்தி அனுப்பட்டும்.

மாமா


மார்ச் 21

மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. துணி தேய்க்கிற மேஜையில் வைத்துப் படித்தேன். கண்ணீர் விழுந்து ஆஸ்பத்திரிப் போர்வை ஒன்றை மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று. எங்கள் மேற்பார்வைக்காரி, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று ஓடி வந்தாள். “யாருக்கும் ஒண்ணும் ஆகல, எங்க மாமா எழுதிட்டாரு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

சிட்டு உங்கள் தாளைச் சிவப்புப் பென்சிலால் திருத்தியிருக்கிறாள். பதினேழு தப்பு. கீழே ‘பரவாயில்லை தாத்தா’ என்று அவளே எழுதினாள். கடிதத்தை மட்டும் தரமாட்டேன் என்று கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டாள்.

அவளுடைய காது ஆபரேஷனுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெயர் பதிந்துவிட்டேன். தலைக்குள் ஒரு சின்னக் கருவி வைப்பார்கள். ஒரு மாதம் கழித்து அதை இயக்கினால் ஒலி கேட்குமாம். ஒரே ஒரு தடை. ஆபரேஷன் நாளன்று எங்கள் தங்கும் அனுமதி செல்லுபடியாக இருக்க வேண்டும். இவ்வளவு நாள் வருடத்துக்கு ஒருமுறை முத்திரை குத்துவார்கள். இப்போது புதிதாகப் பாதுகாப்புக் கொள்கை என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். சுற்றியுள்ள சின்ன நாடுகளில் தூரத்து நாட்டுக்காரன் காலூன்றக் கூடாதாம். ‘நம் வாசலில் அடுத்தவன் கடை போட விடமாட்டோம்’ என்று அமைச்சர் தொலைக்காட்சியில் பேசினார். அந்த வாசல் என்று அவர் சொன்னது நம் ஊர், மாமா. அங்கிருந்து வந்தவர்களெல்லாம் இனிப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்த்தான் முத்திரை வாங்க வேண்டும். அடுத்த மாதம் எனக்கு அழைப்பு.

உங்கள் உறை பிரிக்கப்பட்டு, பச்சை நாடாவால் ஒட்டப்பட்டு வந்தது. எல்லோருக்கும் அப்படித்தானாம்.

மருமகள்


ஏப்ரல் 6

அன்புள்ள மருமகளுக்கு,

சிவப்புப் பென்சில் தாளைக் கேன்டீன் முழுக்கக் காட்டினேன். “பேத்திகிட்ட அடி வாங்கின மூஞ்சி மாதிரியா இருக்கு? பரிசு வாங்கின மாதிரில்ல இருக்கு!” என்றான் ஒட்டகம். அவன் கிரேன் ஓட்டுகிறவன். கழுத்து நீளம், அதனால் அந்தப் பெயர். நாள் முழுக்க மேலே உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்து நீண்டுவிட்டது என்பான். என் மகனோடு வேலை பார்த்தவன். உனக்குக்கூட நினைவிருக்கும், உன் கல்யாணத்தில் பந்தல் கம்பத்தில் தலை இடித்துக்கொண்டவன்.

பச்சை நாடாவைப் பற்றிக் கவலைப்படாதே. படிக்கட்டும். என் எழுத்தைப் படிக்க இன்னும் நாலு பேர் கிடைத்தார்கள் என்று இருக்கிறது எனக்கு.

பார்த்து எழுத என்னிடம் புத்தகம் இல்லை. அதனால் துறைமுகத்தில் நான் குப்பை கூட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுதுகிறேன். இந்த வாரம் கப்பல் வந்து நிற்கிற புதிய மேடையைக் கூட்டச் சொன்னார்கள். தூரத்து நாட்டுக்காரர்கள் குத்தகைக்கு எடுத்துக் கட்டியது. பெட்டிகள் மேல், சுமக்கிற நம் ஆட்களுக்காக நம் பாஷையிலேயே, பெரிய பெரிய எழுத்து. ‘இந்தப் பக்கம் மேலே’, ‘ஈரம் படக்கூடாது’, ‘மூன்றாம் கொட்டகை’. அடுக்கி வைத்த பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது. பத்து வரி எழுதியிருக்கிறேன்.

புதிய மேடையைப் பற்றிக் கேன்டீனில் தினமும் சண்டை. “பெரிய வீட்டுக்காரன் பக்கத்துல குடியிருந்தா நம்ம ஜன்னல எந்தப் பக்கம் வைக்கணும்னும் அவன்தான் சொல்வான்” என்றார் டீக்கடைக்காரர். “ஜன்னல வித்தவன் நம்ம ஆளுதானே” என்றான் ஒட்டகம். எனக்கு இதெல்லாம் புரியாது. எனக்கு இரண்டு பக்கமும் குப்பைதான்.

முத்திரை குத்தினார்களா? அதை முதலில் எழுது.

மாமா


ஏப்ரல் 25

மாமா அவர்களுக்கு,

ஒரு மாதத்துக்கு மட்டும் குத்தினார்கள். ஒவ்வொரு மாதமும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஜன்னலில் பூந்தொட்டி இருக்கிறது. ஓர் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டு டீ கொடுத்தார். சிட்டுவின் ஆபரேஷன் பற்றி எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

சிட்டு உங்கள் தாள்களை மிகவும் விரும்புகிறாள். புதிய மேடையில் இருக்கிற பெட்டிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். எண்களையும் எழுதுங்கள். எண்களும் பழக வேண்டும் அல்லவா. எந்தக் கொட்டகையில் எந்தப் பெட்டி என்றும் எழுதினால் அவளுக்குப் படம் வரைய உதவும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


மே 9

அன்புள்ள மருமகளுக்கு,

சிட்டு கேட்டு நான் இல்லை என்பேனா? நாலு தாள் வைத்திருக்கிறேன். இரண்டாம் கொட்டகை, மூன்றாம் கொட்டகை, ஐந்தாம் கொட்டகை எல்லாம் தனித்தனியாக. எண்கள் எனக்கு எழுத்தைவிடச் சுலபமாக வருகின்றன. எட்டு மட்டும் படுத்துக்கொள்கிறது.

உயரத்தில் இருக்கிற பெட்டிகள் என் கண்ணுக்கு எட்டவில்லை. ஒட்டகத்திடம் சொன்னேன். அவன் மேலே கிரேனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சத்தம் போட, நான் கீழே விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுதினேன். “என்ன பெரிசு, பரீட்சையா?” என்றான். “ஆமாண்டா, டீச்சர் ரொம்பக் கண்டிப்பு” என்றேன். அவனுக்கும் ஒரே சிரிப்பு. இப்போது நான் கேட்காமலேயே “பெரிசு, புதுசா ஒண்ணு வந்திருக்கு, எழுதிக்கோ” என்று கூப்பிடுகிறான்.

தட்டச்சு அம்மா தாள்களைப் பார்த்தார். “நல்லா வந்திருக்கு. ஆனா இத ஏன் எழுதுறீங்க? கதைப் புத்தகம் தரேனே” என்றார். பேத்தி கேட்டாள் என்றேன். அவர் தாள்களை மறுபடி ஒருமுறை பார்த்து, மடித்து என் கையில் வைத்தார். பிறகு வேறு ஒருவர் சிலேட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

சிட்டு படம் வரைந்தால் ஒன்று எனக்கும் அனுப்பச் சொல்.

மாமா


மே 28

மாமா அவர்களுக்கு,

தாள்கள் வந்தன. அனுமதி இன்னும் ஒரு மாதம் நீண்டிருக்கிறது. ஆபரேஷன் ஜூன் 19 என்று நாள் குறித்துவிட்டார்கள்.

சாம்பல் நிறக் கப்பல் ஒன்று வருமாமே. அது எந்தக் கிழமை வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சிட்டு கேட்கிறாள்.

மாமா, ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். உங்களுக்கு வயதாகிறது. குனிந்து கூட்டிவிட்டு உட்கார்ந்து எழுதவும் செய்கிறீர்கள். கை வலித்தால் எழுத வேண்டாம். ‘கை வலிக்கிறது, இனி எழுத முடியாது’ என்று ஒரு வரி மட்டும் போட்டு அனுப்புங்கள். யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் இங்கே சொல்லிக்கொள்கிறேன். அந்த ஒரு வரி போதும்.

இதை இரண்டு முறை படியுங்கள்.

மருமகள்


ஜூன் 10

அன்புள்ள மருமகளுக்கு,

இரண்டு முறை இல்லை, ஐந்து முறை படித்தேன். இப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைப்பாள் என்று கயிற்றுக்காரரிடமும் படித்துக் காட்டினேன். என் கை வலிக்கவே இல்லையம்மா! கல் மாதிரி இருக்கிறது. நாற்பது வருடம் விளக்குமாறு பிடித்த கை, பென்சிலுக்கா வலிக்கும்? நீ துணி தேய்க்கிறாயே, உன் கையைப் பார்த்துக்கொள்.

சாம்பல் கப்பலைப் பற்றி ஒட்டகத்திடம் கேட்டேன். அவனுடைய வேலைப் பட்டியலில் இருக்கிறதாம். அப்படியே பார்த்து எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை காலை வரும், மறுநாள் போகும். பெட்டிகளை மூன்றாம் கொட்டகையில் இறக்குவார்கள். பட்டியலை நீட்டிவிட்டு, “பேத்தி பெரியவளாகி ஹார்பர் மாஸ்டர் ஆயிடுவா போலிருக்கே. அப்ப எனக்கு ஒரு நல்ல சீட்டு போட்டுத் தரச் சொல்லு, முதுகு போச்சு” என்றான்.

பத்தொன்பதாம் தேதி முழுக்க நான் சாப்பிட மாட்டேன். ஆபரேஷன் முடிந்தது என்று உன் கடிதம் வந்த பிறகுதான் சாதாரணமாக இருப்பேன்.

மாமா


ஜூலை 2

மருமகளுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ அனுப்பிய தந்தி வந்தது. சந்தோஷம். அதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நீ இருக்கிற அந்தப் பெரிய நாட்டு விமானங்கள் வந்தன. நான் பழைய மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம் இல்லை. தூசிதான் வந்தது. மூன்றாம் கொட்டகை இல்லை. சாம்பல் கப்பல் சாய்ந்து கிடந்தது. கிரேன் கடலுக்குள் விழுந்துவிட்டது. பதினான்கு பேர். ஒட்டகத்தை மறுநாள் மத்தியானம்தான் வெளியே எடுத்தார்கள்.

நேற்றுப் பத்திரிகை வாங்கினேன். மெதுவாகப் படித்தேன். அண்டைப் பகுதியின் பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று அந்த அமைச்சர் சொல்லியிருக்கிறார். துறைமுகத்தில் ஆயுதம் இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமா என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

மறைக்காமல் எழுதுகிறேன். பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அட, நம் எழுத்து பேப்பரில் வந்துவிட்டதே என்று மனது குதித்தது. பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிடக்கூட வாய் திறந்துவிட்டேன். அப்புறம்தான் அது என்ன தாள் என்று புரிந்தது. படுத்துக் கிடக்கிற என் எட்டு. ஒட்டகம் மேலேயிருந்து சொல்லச் சொல்ல எழுதிய வரிகள்.

தபாலில் யாரோ திருடியிருக்கிறார்கள். பச்சை நாடா ஒட்டுகிறவர்கள்தான். உனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. இதைக் கேட்டு நீ பயந்துவிடாதே. குழந்தையைக் கவனி. நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

மாமா


ஜூலை 24

மாமா,

இதை என்னோடு வேலை செய்கிற நர்ஸ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தன் அம்மாவின் சாவுக்கு நம் ஊருக்கு வருகிறாள். இந்த உறையில் பச்சை நாடா இருக்காது.

எனக்குத் தெரியும். எண்களையும் எழுதுங்கள் என்று கேட்ட அன்றிலிருந்தே தெரியும்.

மூன்றாவது மாடி அதிகாரி உங்கள் தாள்களின் நகலை மேஜையில் பரப்பி வைத்திருந்தார். “உங்க மாமனார் அழகா எழுதுறார். இன்னும் எழுதச் சொல்லுங்க” என்றார். “எதுக்குங்க?” என்றேன். அவர் சிட்டுவின் ஆபரேஷன் சீட்டை எடுத்து அந்தத் தாள்களின் பக்கத்தில் வைத்தார். டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றார். குடித்தேன்.

சிட்டு எதையும் கேட்கவில்லை. கப்பலும் அவள் கேட்கவில்லை, கொட்டகையும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நான். அவர்கள் கப்பலைத் தடுத்து நிறுத்துவார்கள், குத்தகையைக் கைவிடச் சொல்லி மிரட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். குண்டு போடுவார்கள் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

கை வலிக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொன்னேனே மாமா. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. நீங்கள் வலிக்கவில்லை என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை அதிகாரி எனக்கே படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

திங்கட்கிழமை கருவியை இயக்கினார்கள். சிட்டு திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, யாரோ பேசுறாங்க” என்றாள். பேசியது நான்தான். என் குரல் அவளுக்கு மறந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தாத்தா குரல் எப்படி இருக்கும், போன் போடு என்று அழுகிறாள். உங்களிடம் என்ன சொல்லிப் போன் போடுவேன்?

ஒட்டகம் அண்ணன் என் கல்யாணத்தில் மூட்டை மூட்டையாக அரிசி தூக்கியவர். அவர் மனைவிக்கு என்ன சொல்வேன்?

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். அந்த நர்ஸ் ஆகஸ்ட் பத்தாம் தேதி திரும்புகிறாள்.

மருமகள்


ஆகஸ்ட் 8

மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு மூன்று நாள் எழுதவில்லை. திட்டலாம் என்று உட்கார்ந்தேன். திட்டு வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதுவும் வரவில்லை. எழுத்தெல்லாம் தெரிகிறது, கை போகவில்லை. உன் இடத்தில் என் மகன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று யோசித்தேன். அவனும் என்னிடம் தாள் கேட்டிருப்பான். அதைத்தான் எழுத முடிகிறது.

ஒட்டகத்தின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. துறைமுகத்திலிருந்து வந்த காகிதத்தை என்னிடம் நீட்டி, “பெரியவரே, இதுல அவர் பேர் எங்க இருக்குன்னு காட்டுங்க” என்றாள். பதினான்கு பேரில் ஒன்பதாவது. விரல் வைத்துக் காட்டினேன். அவளும் அதன் மேல் விரல் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் சொல்லிவிட்டேன். தாளை எழுதியது நான், மேலேயிருந்து படித்துச் சொன்னது அவன், எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியாது என்று. உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. பேத்தியின் ஆபரேஷனுக்கு ஈடாகப் பெரிய நாட்டுக்காரர்கள் இதை வாங்கிக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவள் அழவில்லை. காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“புள்ளைக்குக் காது கேக்குதா?” என்றாள்.

“கேக்குதாம்.”

“சரி. கிளம்புங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

வந்துவிட்டேன்.

இங்கே அந்தத் தாளை எழுதியவன் யாரென்று தேடுகிறார்கள். புதிதாக எழுதப் பழகியவன் கை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தட்டச்சு அம்மாவைப் போன வாரம் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனவர்கள் இன்னும் விடவில்லை. பேப்பரில் என் எழுத்தைப் பார்த்த அன்றே அவர் அடையாளம் கண்டிருப்பார். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் இருக்கிற எல்லோரையும் தினம் இரண்டு பேராகக் கூப்பிட்டு, பத்து வரி எழுதச் சொல்லி வாங்குகிறார்கள். கயிற்றுக்காரருக்கு ஐந்து எழுத்துகூட வரவில்லை, கன்னத்தில் அறைந்து அனுப்பியிருக்கிறார்கள். “நீங்க இடது கையால கிறுக்கிட்டு வந்துடுங்க. இல்லாட்டி தெரியாதுன்னு நில்லுங்க. யாரு கேக்கப் போறா” என்று மற்றவர்கள் எனக்கு யோசனை சொல்கிறார்கள்.

உன் கடிதங்களையும் சிட்டு திருத்திய தாள்களையும் அடுப்பில் போட்டுவிட்டேன். உன் பெயர் எங்கேயும் இல்லை. பேத்திக்குக் காட்ட நானாக எழுதினேன், தபாலில் திருடிவிட்டார்கள் என்று சொல்லப்போகிறேன். நீயும் அப்படியே சொல். இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் கேட்டாலும் அப்படியே சொல். போன் போடாதே. குழந்தை அழுதால் அழட்டும், என் எண்ணைக் கொடுக்காதே.

நாளை காலை பத்து மணிக்கு என் முறை. சட்டையைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன். அவர்கள் என்ன கொடுத்தாலும், அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக, எனக்கு வருகிற மாதிரியே எழுதுவேன். பார்த்ததும் தெரிந்துவிடும். தட்டச்சு அம்மா மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

மாமா